பத்திரம் பத்திரமா இருக்கட்டும்

(தலைப்பு: ஆங்கில ரீஜென்சிக் கதைகளில் விதவை நாயகி தேர்ந்தெடுக்க வேண்டியது பாதுகாப்பையா? காதலையா? 'காதலையே' அணியின் இரண்டாவது பேச்சு)

'பாதுகாப்பே' என்று பேச வந்து, எனக்கு எதிரே ரொம்பப் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் ஒரு கேள்வி கேட்டாங்க. "புருஷன் போயிட்டான். வீட்டு வாடகை கட்டணும், விறகு வாங்கணும், பிள்ளைக்குச் செருப்பு வாங்கணும். காதலா வந்து கட்டும்?"னு கேட்டாங்க. நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். (சிரிப்பு) நல்ல கேள்விக்குத் தட்டித்தானே ஆகணும்? அதுக்குப் பதில் சொல்லாம நான் இந்த மைக்கை விட மாட்டேன்.

முதல்ல இந்த ரீஜென்சின்னா என்ன? ரெண்டு வார்த்தையில் சொல்லிடறேன். இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு மனநிலை சரியில்லாமல் போய்விட்டது. 1811-ல் அவருடைய மகன் அப்பாவுக்குப் பதிலாக ஆட்சியைப் பார்த்துக்கொள்ள வந்தார். 1820-ல் மன்னர் இறக்கும் வரை ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது. அந்த ஒன்பது வருஷத்துக்குப் பேர்தான் ரீஜென்சி. வாட்டர்லூ யுத்தம் நடந்தது அதுக்குள்ளதான், 1815-ல். ஜேன் ஆஸ்டின் நாவல்கள் வெளிவந்ததும் அதுக்குள்ளதான். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் கழித்து ஜார்ஜெட் ஹேயர் என்று ஒரு அம்மா வந்தார். அந்தக் காலத்தை வைத்தே 1935-ல் 'ரீஜென்சி பக்' என்று ஒரு காதல் கதை எழுதினார். அவர் போட்ட பாதையில்தான் இன்னிக்கு வரைக்கும் வண்டி வண்டியாகக் கதைகள் வருது. நம்ம ஊர் வாடகை நூல் நிலையங்களில் ஒரு காலத்தில் அட்டை கிழிஞ்சு, நூல் பிரிஞ்சு, கை மாறி மாறிப் போய்க்கிட்டிருந்த புத்தகங்கள்தான் இவை. அம்மா படிச்சு முடிச்சதும் மகள் படிப்பா. மகளுக்குத் தெரியாமப் பாட்டி படிப்பா. (சிரிப்பு)

அதில் இந்த விதவைக் கதைக்கு ஒரு வாய்பாடே உண்டு. நாயகிக்கு இருபத்தெட்டு, முப்பது வயசு. முதல் கல்யாணம் அப்பா பார்த்துப் பண்ணி வச்சது. இப்போ கறுப்பு உடை. ரெண்டு பேர் அவளைத் தேடி வருவாங்க. ஒருத்தர் பிரபு. மாளிகை, நாலு குதிரை பூட்டின வண்டி, வருஷம் பத்தாயிரம் பவுண்டு. இன்னொருத்தர் யுத்தத்திலிருந்து திரும்பிய கேப்டன். பாதிச் சம்பளம். தோளில் ஒரு குண்டுக் காயத் தழும்பு கட்டாயம் வேணும். தழும்பு இல்லாத கேப்டன் அந்தக் கதைக்குள்ள நுழையவே முடியாது. (சிரிப்பு) பிரபுவைக் கட்டினா பாதுகாப்பு, கேப்டனைக் கட்டினா காதல். இதுதான் எதிரணி போட்ட கணக்கு.

நான் கேட்கிறேன்: பிரபுவைக் கட்டினா பாதுகாப்புன்னு யார் சொன்னது? அண்ணன் சொல்றாங்க. பிரபு சொல்றார். அந்த ஊர்ச் சட்டம் சொல்லுதா?

பிளாக்ஸ்டன் என்று ஒரு சட்ட மேதை. இங்கிலாந்துச் சட்டத்துக்கெல்லாம் விளக்கம் எழுதினவர். முதல் பாகம் 1765-ல் வெளிவந்தது. அவர் விளக்கின கோட்பாடு இதுதான்: கல்யாணம் ஆனதும் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். கேட்க எவ்வளவு இனிமையா இருக்கு பாருங்க. ஈருடல் ஓருயிர் மாதிரி. சரி, ரெண்டு பேரும் ஒரே ஆள்னா, எந்த ஆள்? அதைத்தான் கேட்கக் கூடாது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

மனைவிக்குத் தனியாக் கையெழுத்து கிடையாது. அவள் பேரில் வழக்குப் போட முடியாது. அவள் கொண்டுவந்த ரொக்கம், நகை, மேஜை நாற்காலி, குதிரை எல்லாம் அவன் சொத்து. அவள் பேரில் நிலம் இருந்தா, அதோட வாரமும் வாடகையும் அவன் கைக்குப் போகும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் உழைச்சுச் சம்பாதிச்சாலும் அது அவனுக்குத்தான். 1870-லும் 1882-லும் புதுச் சட்டங்கள் வந்த பிறகுதான் இது மாறினது. அதாவது ரீஜென்சி முடிஞ்சு ஐம்பது, அறுபது வருஷம் கழிச்சு.

இப்போ விதவைக்கு வருவோம். புருஷன் போனதும் அந்த 'ஒரே ஆள்' ரெண்டா ஆகுது. அவளுக்குப் போன கையெழுத்து திரும்பி வருது. அவள் பத்திரம் எழுதலாம், கடை நடத்தலாம், கடன் கொடுக்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம். வயசு வந்த கல்யாணமாகாத பெண்ணுக்கும் இந்த உரிமையெல்லாம் சட்டப்படி உண்டு. ஆனா பெரும்பாலும் கையில் காசு இருக்காது. விதவைக்கு உரிமையும் இருக்கும், ஓரளவு காசும் இருக்கும். கணவனோட நிலத்தில் மூணில் ஒரு பங்கை ஆயுசு வரைக்கும் அனுபவிக்கலாம்னு ஒரு பழைய ஏற்பாடு. அதுக்குப் பதிலா, வருஷா வருஷம் இவ்வளவு பணம்னு கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதி வைக்கிறது பெரிய வீடுகளில் வழக்கம்.

அப்போ அந்த ஊரில் எந்தப் பெண் தன் காலில் நின்னா? கறுப்பு உடை போட்டவள்! என்ன அநியாயம் பாருங்க. ஒரு மனுஷன் செத்தாத்தான் ஒரு மனுஷிக்குக் கையெழுத்து வருது.

அவள் மறுபடி கல்யாணம் பண்ணினா? வந்த கையெழுத்து மறுபடி போயிடும். பிரபுவைக் கட்டினாலும் போகும், கேப்டனைக் கட்டினாலும் போகும். பிரபுன்னா சட்டம் ஒண்ணும் தள்ளுபடி தர்றதில்லை. (சிரிப்பு) இன்னும் ஒண்ணு. முதல் கணவனோட உயிலில் சில சமயம் ஒரு வரி இருக்கும்: 'அவள் விதவையாக இருக்கும் வரைக்கும்' இந்த வீடு, இந்தப் பணம் என்று. மறுமணம் ஆன அன்னைக்கே அதுவும் காலி. புது மனுஷன் கெட்டவன்னு தெரிஞ்சா விட்டுட்டு வர முடியுமா? 1857 வரைக்கும் முழு விவாகரத்து வேணும்னா ஒவ்வொரு தடவையும் பார்லிமெண்டில் தனிச் சட்டமே போடணும். யாரால் ஆகும்?

இப்போ அண்ணனோட கணக்கைத் திருப்பிப் போடுங்க. ரெண்டு கல்யாணத்துக்கும் அவள் கொடுக்கிற விலை ஒண்ணுதான். இருக்கிறதை எல்லாம் கொடுத்து வாங்கப் போறா. அப்போ மனசுக்குப் பிடிச்சதை வாங்குவாளா, பிடிக்காததை வாங்குவாளா? (கைதட்டல்)

(நடுவர் குறுக்கிட்டு: ஏம்மா, இவ்வளவு விலைன்னா வாங்காமலே வந்துடலாமே? கல்யாணமே வேண்டாம்னு இருந்துட்டா?)

ஐயா! நீங்க மூணாவது அணி ஆரம்பிச்சிட்டீங்களே! (சிரிப்பு) ஆனா நியாயமான கேள்வி. ஜேன் ஆஸ்டின் அப்படி ஒரு பாத்திரமே படைச்சிருக்காங்க. அவங்க 1817-ல் காலமானாங்க. அந்த வருஷக் கடைசியில் வெளிவந்த 'பர்சுவேஷன்' நாவலில் லேடி ரஸ்ஸல்னு ஒரு விதவை. நல்ல வசதி, நல்ல பேர், சொந்த வண்டி. மறுமணம் பண்ணிக்கிற எண்ணமே கிடையாது. சுகமா இருக்காங்க. நான் சொல்றேன், வசதி இருக்கிற விதவைக்கு அதுதான் உண்மையான பாதுகாப்பு. அதுக்குப் பிரபு எதுக்கு? பாதுகாப்புக்காகன்னா அவள் கல்யாணமே பண்ண வேண்டாம். அதையும் மீறி ஒருத்தி பண்றான்னா, அதுக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அந்தக் காரணம் எங்க அணியில் இருக்கு! (கைதட்டல்)

அதே நாவலில் இன்னொரு விதவையும் இருக்காங்க. அதே பாத் நகரத்தில். மிஸஸ் ஸ்மித். அண்ணன் இவங்களைச் சொல்லித்தான் உங்களைக் கலங்க வச்சாங்க. நோயில் நடக்க முடியாம, வாடகை வீட்டில் சத்தமும் இருட்டுமா ரெண்டே அறைகளில், ஊசி வேலை செஞ்சு விக்கிற நிலைமையில் கிடக்கிறாங்க. "காதல் கல்யாணத்தோட கதியைப் பார்"னு அண்ணன் சொன்னாங்க. அண்ணே, புத்தகத்தைத் திரும்பப் புரட்டுங்க. அந்த அம்மா கட்டினது ஏழையை இல்லை, பணக்காரனை! அவன் தாராளமாச் செலவு பண்ணினான். ஒரு நண்பன் கூட இருந்தே கரைச்சான். கடைசியில் அந்த நண்பனையே உயிலை நிறைவேத்துகிற பொறுப்பில் போட்டுட்டுச் செத்துட்டான். மேற்கிந்தியத் தீவில் ஒரு சொத்து கடனுக்காக முடங்கிக் கிடக்கு. மீட்டா அந்த அம்மாவுக்குச் சோறு. பொறுப்பில் இருக்கிறவன் விரலை அசைக்க மாட்டேங்கிறான். அவங்களுக்கோ ஓடியாட உடம்பும் இல்லை, வக்கீல் வைக்கக் காசும் இல்லை. கடைசியில் யார் மீட்டுத் தர்றாங்க? கேப்டன் வென்ட்வொர்த். அவர் யாரு? அவங்க சிநேகிதி ஆனி, எட்டு வருஷம் காத்திருந்து காதலிச்சுக் கைப்பிடிச்ச மனுஷன்! அந்த ஆனியை முதல் தடவை "வேண்டாம், அவனிடம் பணம் இல்லை"ன்னு தடுத்தது யாரு? அதே லேடி ரஸ்ஸல்! பாதுகாப்பு பேசினவங்க எட்டு வருஷத்தை வீணாக்கினாங்க. காதலிச்சவன் வந்து சொத்தை மீட்டான். (கைதட்டல்)

ஆனாலும் ஒண்ணு சொல்லிடணும். கையில் எதுவுமே இல்லாத விதவை இருக்காளே, அவளுக்கு இந்த வாதமெல்லாம் உதவாது. அவளுக்கு இருந்த வழிகள் என்ன? அண்ணன் தம்பி போடுற சோறு. இல்லைன்னா யார் வீட்டுப் பிள்ளைக்காவது பாடம் சொல்லிக்கொடுத்துட்டு, வேலைக்காரியும் இல்லாம விருந்தாளியும் இல்லாம நடுவில் நிக்கிற வாழ்க்கை. அப்படிப்பட்டவ ஒரு வேளைச் சோத்துக்காக ஒருத்தனைக் கட்டிக்கிட்டா, நான் குறை சொல்ல மாட்டேன். உங்களில் யாரும் சொல்லாதீங்க. ஆனா அதுக்குப் பேர் பாதுகாப்பு இல்லை அண்ணே, பசி. பசிக்குப் பாதுகாப்புன்னு பேர் வச்சு அதை ஒரு பெருமையாப் பேசாதீங்க.

ஹேயர் அம்மா இதைச் சிரிக்கச் சிரிக்க ஒரு கதையா எழுதியிருக்காங்க. 'தி ரிலக்டன்ட் விடோ', 1946. எலினார்னு ஒரு பெண். அப்பா சொத்தையெல்லாம் இழந்துட்டார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலைக்குப் போறவ, ராத்திரியில் தப்பான வண்டியில் ஏறிடறா. வண்டி கொண்டுபோய் விட்டது வேற வீட்டில். ஒருத்தன் செத்துக்கிட்டிருக்கான். பேசிப் பேசி அவனுக்கு இவளைக் கட்டி வச்சிடறாங்க. பொழுது விடியறதுக்குள்ள விதவை! (சிரிப்பு) ஆஹா, சொத்து வந்துச்சேன்னு பார்த்தா, இடிஞ்ச மாளிகை, குவிஞ்ச கடன், போதாக்குறைக்கு வீட்டுக்குள்ள நெப்போலியனுக்கு உளவு சொல்றவங்க நடமாட்டம்! அண்ணே, மாளிகை இருந்தா பாதுகாப்புன்னு சொன்னீங்களே, அந்த ஹைநூன்ஸ் மாளிகையில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கிறீங்களா? (பலத்த சிரிப்பு)

அதுக்காகப் பெண்ணைக் கண்ணை மூடிக்கிட்டுக் கிணத்தில் குதின்னு எங்க அணி சொல்லலை. அந்தக் காலத்திலேயே விவரமான குடும்பங்கள் ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு செட்டில்மெண்ட் பத்திரம். பெண்ணோட சொத்தை நம்பிக்கையான ரெண்டு மூணு பேர் பொறுப்பில் வச்சு, 'இதோட வருமானம் அவளுக்கு மட்டும், புருஷன் தொடக் கூடாது'ன்னு எழுதிடுவாங்க. சாதாரணச் சட்டம் கண்டுக்கலைன்னாலும், சான்சரி கோர்ட் அதை மதிக்கும். பாதுகாப்பு எங்கே இருக்கு பாருங்க. மாப்பிள்ளையோட மாளிகையில் இல்லை, பத்திரத்தில் இருக்கு! நம்ம தமிழில் ரெண்டுக்கும் ஒரே வார்த்தை வச்ச புண்ணியவான் யாரோ! பெண்ணைப் பத்திரமா வச்சிருக்கிறது பத்திரம்தான். பத்திரத்தை வக்கீல் எழுதட்டும். மாப்பிள்ளையை அவ மனசு எழுதட்டும். ரெண்டு வேலையையும் ஒரே ஆள்கிட்ட ஏன் கொடுக்கணும்? (பலத்த கைதட்டல்)

(நடுவர்: இதெல்லாம் கதைம்மா. நிஜத்தில் ஒருத்தியைக் காட்டு.)

காட்டறேன் ஐயா. நிஜமா வாழ்ந்த பெண்மணி. ஹெஸ்டர். 1763-ல் லண்டன் சதக்கில் பெரிய மது ஆலை முதலாளி ஹென்றி த்ரேலுக்கு வாழ்க்கைப்பட்டாங்க. வீட்டில் பேசி முடிச்ச கல்யாணம். எதிரணி விரும்புற கல்யாணம்! ஆலை, மாளிகை, வண்டி எல்லாம் உண்டு. பன்னிரண்டு குழந்தை பெத்தாங்க. பெரியவங்களா வளர்ந்தது நாலு பெண்கள் மட்டும். 1772-ல் அந்தக் கணவர் புதுசா ஏதோ முறையில் மது காய்ச்சறேன்னு இறங்கி, ஆலையே மூழ்குற நிலைமை. யார் காப்பாத்தினது? இந்த அம்மா! தன் தாயார்கிட்டேயும் சிநேகிதர்கள்கிட்டேயும் கடன் கேட்டு நிமிர்த்தினாங்க. யார் யாருக்குப் பாதுகாப்பு கொடுத்தாங்க, சொல்லுங்க அண்ணே!

1781-ல் த்ரேல் இறந்தார். ஆலையை 1,35,000 பவுண்டுக்கு வித்தாங்க. நாற்பது வயசு, வசதி, பேர், வீட்டுக்கு வந்து போற பெரிய மனுஷங்க. அதில் முக்கியமானவர், ஆங்கில அகராதி எழுதின மேதை டாக்டர் ஜான்சன். அப்படி இருந்தவங்க மனசு யார்கிட்ட போச்சு தெரியுமா? மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், பியோட்ஸி. இத்தாலிக்காரர், கத்தோலிக்கர். ஊரே கொதிச்சுது. பத்திரிகையில் கேலி. பெண்கள் எதிர்ப்பு. அந்த அம்மா பயந்துபோய் 1783-ல் அவரை இத்தாலிக்கு அனுப்பிட்டாங்க. அனுப்பினவங்க படுத்த படுக்கையாயிட்டாங்க. கடைசியில் திரும்ப வரவழைச்சு, 1784 ஜூலையில் கல்யாணம். ஜான்சன் எழுதின கடிதம் இருக்கே, அவ்வளவு கோபம், அவ்வளவு கடுமை. அந்த அம்மா நிமிர்ந்து பதில் எழுதினாங்க: என் கணவரைக் குறைச்சுப் பேசுறதை நிறுத்துற வரைக்கும் நமக்குள் பேச்சு வேண்டாம்ங்கிற அர்த்தத்தில். அதே வருஷம் டிசம்பரில் ஜான்சன் காலமாயிட்டார்.

சும்மா கிடைச்சுடலை ஐயா அந்தக் காதல். மூத்த மகள் கடைசி வரைக்கும் மனசாரச் சேரலை. தாய்க்கு அது ஆறாத புண். அதை மறைச்சு நான் ஜெயிக்க விரும்பலை.

ஆனா அந்தப் 'பாட்டு வாத்தியார்' என்ன பண்ணினார்? மனைவி சொத்தைத் தின்னு தீர்ப்பார்னு ஊர் சொல்லுச்சு. அவரோ பைசா பைசாவாக் கணக்குப் பார்க்கிற மனுஷன். அந்த அம்மா தலையில் இருந்த கடனை அடைச்சார். வேல்ஸில் அவங்க பூர்வீக நிலத்தில் பிரின்பெல்லான்னு அழகான வீடு கட்டினார். புருஷன் பக்கத்தில் இருக்கும்போதுதான் அந்த அம்மா புத்தகம் புத்தகமா எழுதி வெளியிட்டாங்க. 1809-ல் அவர் இறக்கிற வரைக்கும், இருபத்தஞ்சு வருஷம்! ஆலை முதலாளியோட வாழ்ந்தது பதினேழரை வருஷம். பாட்டு வாத்தியாரோட இருபத்தஞ்சு வருஷம். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைன்னு நம்ம ஊரில் சொல்லுவோம். இந்த அம்மா அரசன் வேண்டாம்னு புருஷனை நம்பினவங்க!

(மணி அடிக்கப்படுகிறது)

ஐயா, ஒரே நிமிஷம். ரெண்டாவது தடவையும் விதவையாகி பாத் நகரத்தில் இருந்தாங்க. 1820 ஜனவரி 27. தனக்கு எண்பது வயசுன்னு ஊரையே கூப்பிட்டு விருந்து. கணக்குப்படி பார்த்தா எழுபத்தொம்பதுதான். வயசைக் கூட்டிச் சொன்ன பெண்மணியை வேற எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? (பலத்த சிரிப்பு) அறுநூறு பேருக்கு மேல் விருந்தாளிங்க. இசை நடக்குது. அந்த வயசில் அவங்களே முன்னால் நின்னு ஆட்டத்தைத் தொடங்கி வச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சு, 29-ஆம் தேதி, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் இறந்துபோனார். ரீஜென்சி காலம் அத்தோட முடிஞ்சுது. அந்த அம்மாவோட ஆட்டம் அதுக்குள்ள முடிஞ்சிருச்சு, நடுவர் ஐயா என்னோட ஆட்டத்துக்கும் மணி அடிச்சுட்டாங்க. (சிரிப்பு)



(நீண்ட கைதட்டல்)